கூட ஒரு மூட்டை சிமெண்ட் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஓசூரில் கட்டுகிற வீட்டுச் சுவர் பலமாக இருக்கட்டும் என்று பூச்சுக் கலவையில் கூட ஒரு மூட்டை சிமெண்ட் போடச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். நீ சொன்னால் மேஸ்திரி மறுபேச்சில்லாமல் போட்டுவிடுவார், காசு உன்னுடையதுதானே, ஆனால் ஆறு மாதத்தில் சுவர் பூரா முடி முடியாக வெடிப்பு ஓடும். சிமெண்ட் கூடினால் கலவை காயும்போது அதிகமாகச் சுருங்கும், அந்தச் சுருக்கத்தைப் பிடித்து நிறுத்துவதே மணல்தான். செங்கல் கட்டுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல், உள்பூச்சுக்கு ஒன்றுக்கு ஐந்து, சீலிங்குக்கும் நாலரை இஞ்ச் சுவர் கட்டவும் ஒன்றுக்கு நாலு. இது போதும்.

தளத்துக்கு எம்-20 தரக் காங்கிரீட் என்று இன்ஜினியர் எழுதியிருக்கிறார், சரிதான், கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு அதற்குக் கீழே போகக் கூடாது. ஒன்று, ஒன்றரை, மூன்று: சிமெண்ட், மணல், ஜல்லி. கணக்கு எல்லோருக்கும் தெரியும், அளப்பதில்தான் கோட்டை விடுவார்கள். ஒருத்தர் சட்டியைக் குவித்துக் கொட்டுவார், இன்னொருத்தர் தலைதட்டிக் கொட்டுவார், இரண்டும் ஒரு சட்டிதான் என்று எண்ணிக்கை போய்க்கொண்டிருக்கும். 50 கிலோ மூட்டை அளவில் ஒன்றேகால் கன அடி வரும். அந்த அளவுக்குப் பலகையில் ஒரு பெட்டி அடித்துக் கொடுக்கச் சொல். தளத்துக்கு அடியில் பலகையும் முட்டுக்கட்டையும் கொடுக்கிற செண்ட்ரிங் ஆட்களிடம் துண்டுப் பலகை கிடக்கும், அரை மணி நேர வேலை.

மழை பெய்த மறுநாள் மட்டும் பெட்டியையும் நம்பாதே. ஈர மணல் உப்பிக்கொள்ளும், கால் பங்கு வரைகூட. பெட்டி நிறைந்திருக்கும், உள்ளே மணல் குறைவு. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு டம்ளரில் ஈர மணலை விளிம்பு வரை போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பார், மணல் கீழே இறங்கி உட்காரும். இறங்கிய அளவுக்கு மணல் கூடப் போட வேண்டும். மணல் ஏற்கெனவே தண்ணீரோடு வருகிறது என்பதால் ஊற்றும் தண்ணீரையும் குறைக்க வேண்டும்.

தண்ணீருக்குத்தான் வர நினைத்தேன். நீ அனுப்பிய வீடியோவில் மிக்சருக்குள் ஹோஸ் பைப்பை விட்டுவிட்டு அந்தப் பையன் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எனக்கு வந்ததே கோபம்! மூட்டைக்கு 25 லிட்டர், மிஞ்சிப் போனால் 27. சிமெண்ட் இறுகுவதற்கு அதன் எடையில் ஏறக்குறைய கால்வாசித் தண்ணீர் போதும், மற்றதெல்லாம் கலவை புரளவும் கம்பி இடுக்கில் இறங்கவும் ஊற்றுவதுதான். அந்த உபரித் தண்ணீர் பின்னால் ஆவியாகிப் போகும்போது உள்ளே பொடிப் பொடியாகத் துளை விட்டுவிட்டுப் போகும், அப்புறம் அதன் வழியாக ஈரம் இறங்கிக் கம்பி துருப் பிடித்து, துரு உப்பி, காங்கிரீட் செதில் செதிலாகப் பெயரும். கலவை தண்ணியாக இருந்தால் கொட்டுவதற்கு லேசு, ஆட்கள் கேட்கத்தான் செய்வார்கள். கலவையை அதிர வைத்து இறக்குகிற வைப்ரேட்டர் எதற்கு வாடகைக்கு எடுக்கிறோம்? ஹோஸைப் பிடுங்கிவிட்டு அளவு தெரிந்த பக்கெட்டைக் கொடு.

பூச்சுக்குக் கையால்தான் கலப்பார்கள். உன் அம்மா கலப்பதை நீ சின்ன வயதில் பார்த்திருப்பாய், கவனித்திருக்க மாட்டாய். தகரத்தின் மேல் மணலைப் பரப்பி, மேலே சிமெண்டைக் கொட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் மண்வெட்டியால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டுவாள், மணல் நிறம் ஒரு கோடு சிமெண்ட் நிறம் ஒரு கோடு என்று தெரிவது மறைகிறவரை விட மாட்டாள். எல்லாம் ஒரே நிறமான பிறகுதான் குவித்து, நடுவில் குழி பறித்து, தண்ணீர் விட்டு, ஓரத்திலிருந்து உள்ளே தள்ளுவாள். ஒரு கை அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்கும், விரல் இடுக்கில் சிமெண்ட் பால் வழியாது. கலவையின் தரம் கொத்தனார் கையில் இல்லை, சித்தாள் கையில் இருக்கிறது, ஆனால் சம்பளத்தில் மட்டும் எப்போதும் அவர்கள்தான் கீழே. உன் சைட்டில் கலக்கிற பெண்களுக்குக் கையுறையும் கம்பூட்டும் நீயே வாங்கிக் கொடு. சிமெண்ட் தண்ணீர் தோலைத் தின்றுவிடும், அம்மாவின் விரல் நுனியைப் பார்த்தவள் நீ.

தண்ணீர் விட்ட கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் குவியலை அப்படியே போட்டுவிட்டுப் போய், வந்து தண்ணீர் தெளித்து இளக்கினால் அது கலவை இல்லை, வெறும் சேறு. ஆகவே பன்னிரண்டு மணிக்குப் பிறகு பெரிய குவியல் போட விடாதே. பூச்சு சீக்கிரம் இறுகட்டும் என்று மேலே வறட்டு சிமெண்டைத் தூவித் தேய்ப்பதும் வேண்டாம், அதுவும் வெடிக்கும்.

பாறையை உடைத்துச் செய்கிற எம்-சாண்ட் மணல் லோடு வந்ததும் ஒரு கை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார். மாவாக ஒட்டினால் அது கிரஷர் தூள், லாரியைத் திருப்பி அனுப்பு. பூச்சுக்கு பி-சாண்ட் என்கிற நைசான மணலைத் தனியாக வாங்கு. சிமெண்ட் மூட்டையில் எந்த வாரம், எந்த வருஷம் தயாரித்தது என்று அச்சடித்திருக்கும், மூன்று மாதம் தாண்டியதைத் தளத்துக்குத் தொடாதே.

கூட ஒரு மூட்டைக்கு எடுத்து வைத்த பணத்தைத் தண்ணீர் விடுகிற ஆளுக்குக் கொடு. உங்களுடையது பி.பி.சி., அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட், குறைந்தது பத்து நாள், முடிந்தால் பதினாலு நாள் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்க வேண்டும். ஓசூர் குளுகுளு என்று இருக்கிறதே, விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், அங்கே காற்று அடிக்கிற அடியில் மேல்தளம் காய்ந்துபோகும். ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல், நான் வந்து தங்கிக்கொள்கிறேன், அம்மா ஏற்கெனவே பை எடுத்து வைத்துவிட்டாள். செண்ட்ரிங் எப்போது பிரிப்பது என்பதை இன்ஜினியரோடு சேர்ந்து பேசிக்கொள்ளலாம், அதுவரை யார் அவசரப்படுத்தினாலும் ஒரு சவுக்குக் கட்டையில்கூடக் கை வைக்க விடாதே.

அப்பா