அக்கா, பொலோஞ்ஞாவில் நீயே பேசு

அன்புள்ள அக்கா,

டிக்கெட்டை நேற்று ராத்திரி ரத்து செய்துவிட்டேன். அக்டோபரில் நான் வரவில்லை. இத்தாலியில், பொலோஞ்ஞா ஊரில் நடக்கும் பாப்பாவின் பட்டமளிப்புக்கு நீ தனியாகத்தான் போகப் போகிறாய். காரணம் உனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தைச் சித்தப்பா வீடு முதல் மாடிவீடு வரை படிக்கிறார்கள், அதனால் அதை இங்கே விரிக்கவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய்யில்லை.

மன்னித்துக்கொள். ஆனால் நான் கூட வந்தால் நீ வாய் திறக்க மாட்டாய் என்பதும் உண்மை. அதனால் என் பங்குக்கு இதை எழுதி அனுப்புகிறேன்.

முதலில் உன் நோட்டு. இத்தாலியனைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாயே, அதிலேயே பாதிச் சிக்கல் இருக்கிறது. நம் எழுத்தில் உயிருக்கு நடுவே வரும் ஒற்றை க, த, ப தானாகவே மெலிந்துவிடும். 'அமீகோ' என்று எழுதிப் படித்தால் அது ஸ்பானியக்காரர் சொல்வது. இத்தாலியனில் அந்தக் 'கோ' 'கோயில்' என்பதில் வருவதுபோல வன்மையாக வர வேண்டும். சரி என்று 'அமீக்கோ' என்று இரட்டித்தால் வேறு தொல்லை, ஏனென்றால் அங்கே இரட்டிப்பு பொருளையே மாற்றும். 'ஓ ஸேதே' என்றால் தாகமாக இருக்கிறது. 'ஓ ஸெத்தே' என்றால் என்னிடம் ஏழு இருக்கிறது; கடைக்காரர் ஏழு என்ன என்று காத்துக்கொண்டிருப்பார். 'காஸா' வீடு, 'கஸ்ஸா' கல்லா. ஆகவே வன்மையாக வர வேண்டிய ஒற்றை எழுத்துக்கெல்லாம் சிவப்புப் பேனாவில் அடிக்கோடு போடு. இரட்டை எழுத்தை அவர்கள் இரட்டித்திருக்கும் இடத்தில் மட்டும் எழுது. வயதைச் சொல்லும்போது 'அன்னி' (வருடங்கள்) என்று ன்-னை அழுத்திச் சொல். பென்னே பாஸ்தாவுக்கும் அப்படியே. அழுத்தாவிட்டால் இரண்டுமே உடம்பின் வேறு பாகங்களுக்குப் போய்விடும். பெரியவர்கள் படிக்கிற இடம், இதற்கு மேல் வேண்டாம்.

மற்றபடி நமக்கு வரம் என்றுதான் சொல்வேன். அவர்களுடைய 'த' நம் 'த'தான், ஆங்கிலத்து 'ட' இல்லை. குறில் நெடில் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் 'க்னோச்சி' என்று திணறும் பலகாரம் நமக்கு 'ஞொக்கி', ஞாயிறின் ஞ. பொலோஞ்ஞா என்ற ஊர்ப் பெயரையே நீ அங்குள்ளவர்கள் மாதிரி சொன்னாயே, நினைவிருக்கிறதா?

முன்பு நாம் சேர்ந்து அங்கே போனபோது நுழைந்த அந்த மருந்துக்கடை எனக்கு நினைவிருக்கிறது. வளைவு மண்டபத்துக்கு அடியில், பச்சைச் சிலுவை விளக்கு. எனக்குக் குரலே இல்லை. வேறு வழியில்லாமல் நீ முன்னால் போனாய். உள்ளே நுழைந்ததும் கேள்வியை ஆரம்பிக்காமல் முதலில் 'புவோன்ஜோர்னோ' என்றாய், அதுதான் அங்கே மரியாதை. 'மியா ஸொரெல்லா நோன் ஆ வோச்சே', என் தங்கைக்குக் குரல் இல்லை. அந்த அம்மா 'ஆ ஃபெப்ரே?' என்று கேட்டார். அங்கே 'நீங்கள்' என்பதற்கும் 'அவள்' என்பதற்கும் ஒரே 'லேய்', வினைச்சொல்லும் ஒன்று. காய்ச்சல் உங்களுக்கா, அவளுக்கா? அந்தக் கேள்வியில் யாரும் தடுமாறுவார்கள். நீ தடுமாறவில்லை. 'இயோ நோ. லேய்' என்று சொல்லி என்னைக் கை காட்டினாய். அவர் ஆங்கிலத்துக்கு மாறப் பார்த்தார். நீ 'இன் இதலியானோ, பெர் ஃபவோரே' என்றாய். அக்கா, அதை நான் யாரிடமும் கேட்டதில்லை. ஒவ்வாமை உண்டா என்று கேட்டபோது 'பெனிச்சில்லினா' என்று சரியாகச் சொன்னாய். ஒரே ஒரு இடம்தான் சறுக்கியது. 'தோப்போ இ பாஸ்தி' என்று அவர் சொன்னதை நீ பாஸ்தா சாப்பிட்ட பிறகு என்று எடுத்துக்கொண்டு, 'சோறு சாப்பிட்டால்?' என்று கவலையாகக் கேட்டாய். 'பாஸ்தி' என்றால் வேளைச் சாப்பாடு, பன்மை. சோறும் சேரும் என்று அவர் சிரித்துக்கொண்டே பெட்டியின் மேல் ஒரு நாளைக்கு மூன்று என்று எழுதிக் கொடுத்தார். அன்று உன்னைப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருந்தது.

அப்படிப் பேசியவள், மறுநாள் ராவென்னா ரயிலில் பரிசோதகர் வந்ததும் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்? குரல் வராத என் தோளை எதற்காக இடித்தாய்? அதன் பிறகு ஒவ்வொரு கடையிலும் அதே இடிதான். ஊருக்கு வந்து 'அவ என்னைப் பேசவே விடல' என்று நீ சொன்னதும் என் காதுக்கு வந்தது. யார் வழியாக என்று எழுத மாட்டேன், அவர்களும் இதைப் படிப்பார்கள். நீ மனதறிந்து பொய் சொல்கிறவள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் வலித்தது. சரி, விடு.

சாப்பாடு. 'ஸோனோ வெஜெதாரியானா' என்பது அந்த ஊரில் போதாது. இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டால் சைவம் என்று பலர் நினைக்கிறார்கள். சூப்பும் ரிஸொத்தோ என்ற அரிசிச் சாப்பாடும் இறைச்சி வேகவைத்த நீரில் இருக்கலாம். 'ஸென்ஸா கார்னே, ஸென்ஸா பெஷ்ஷே, ஸென்ஸா ப்ரோதோ தி கார்னே' என்று மூன்றையும் சொல்: இறைச்சி, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம். பொலோஞ்ஞாவில் ஓர் எழுத்து உன்னைக் கவிழ்க்கும். இரண்டும் பூரணம் வைத்த பாஸ்தா. 'தொர்தெல்லீனி' சிறியது, உள்ளே பன்றியிறைச்சிப் பூரணம். 'தொர்தெல்லோனி' பெரியது, பெரும்பாலும் உள்ளே ரிக்கொத்தா பாலாடைக்கட்டி. 'தொர்தெல்லோனி தி ரிக்கொத்தா, புர்ரோ எ ஸால்வியா' என்று முழுதாகக் கேள், வெண்ணெயும் ஸால்வியா என்ற வாசனை இலையும் போட்டு வரும். அந்தப் பக்கத்து ரொட்டிகளில், முக்கியமாகப் பியாதீனாவில், பன்றிக்கொழுப்பு போடுவது வழக்கம்: 'ச்செ லோ ஸ்த்ருத்தோ?' என்று கேட்டுவிட்டு வாங்கு. பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியில் உறைய வைப்பது. சாப்பிடுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். பீட்ஸாவில் 'பெப்பெரோனி' என்றால் குடமிளகாய், பயப்படாதே. வெறும் 'லாத்தே' கேட்டால் ஒரு டம்ளர் பால் வரும்.

சந்தையில் கிராம் கணக்கு பேசாதே. 'உன் எத்தோ' என்றால் நூறு கிராம். இருநூறு வேண்டுமானால் 'துவே எத்தி'. பழத்தைக் கையால் எடுக்காதே, அவரே எடுத்துப் போடுவார். யாரையும் கூப்பிட 'ஸ்கூஸி'. செயலி சொல்லித்தரும் 'ஸ்கூஸா' நம் 'நீ' மாதிரி, கடைக்காரரிடம் ஆகாது.

ஸ்டேஷனில்தான் உனக்குப் பதற்றம் வரும். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் மஞ்சள் தாள் புறப்படும் வண்டிகள், வெள்ளைத் தாள் வந்துசேரும் வண்டிகள். வெள்ளையைப் பார்த்துவிட்டு இல்லாத வண்டிக்குக் காத்திருப்பவர்கள் நிறைய. 'ஃபெரியாலே' என்றால் விடுமுறை நாள் இல்லை, வேலை நாள், சனிக்கிழமையும் சேர்த்து. ஞாயிறும் பண்டிகையும் 'ஃபெஸ்தீவோ'. பொலோஞ்ஞாவில் நாலாம் பிளாட்பாரம் வேறு, 'க்வாத்ரோ ஓவெஸ்த்' வேறு. மேற்குப் பக்கத்து பிளாட்பாரங்கள் தள்ளி இருக்கின்றன, நடக்க நேரம் பிடிக்கும். பதினாறு முதல் பத்தொன்பது வரை பூமிக்கு அடியில், அதிவேக வண்டிகளுக்கு. பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தையும் பார். ரீஜனல் வண்டிக்கு, அதாவது பக்கத்து ஊர்களுக்குப் போகும் சாதாரண வண்டிக்கு, காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் பிளாட்பாரத்து இயந்திரத்தில் முத்திரை குத்து. போனில் வாங்கினால் அதிலேயே செக்-இன் செய்ய வேண்டும். மறந்தால் கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்தான். 'ஷோபெரோ' என்று எங்கே பார்த்தாலும் வேலைநிறுத்தம். அது வேலை நாளில் வந்தாலும் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உத்தரவாதமுள்ள ரீஜனல் வண்டிகள் ஓடும்.

குளியலறைக் குழாயில் C என்று இருந்தால் வெந்நீர், 'கால்தோ'. கையைச் சுட்டுக்கொள்ளாதே.

பட்டமளிப்பு அன்றைக்கு வருவோம். ஆய்வுரைக்கு உள்ளே போகும் முன் பாப்பாவிடம் தோழிகள் 'இன் போக்கா அல் லூப்போ' என்பார்கள், ஓநாயின் வாய்க்குள் என்று. அபசகுனம் என்று நீ அங்கேயே முகம் சுளிக்காதே, அது வாழ்த்து. அதற்கு அவள் 'க்ரேப்பி' என்று பதில் சொல்வாள், நன்றி சொல்ல மாட்டாள். முடிந்ததும் தலையில் லாரல் இலை மாலை வைப்பார்கள், 'தொத்தொரெஸ்ஸா!' (பட்டம் வாங்கியவளே) என்று கத்துவார்கள். பிறகு ஒரு பாட்டு வரும், அது கொச்சை. அர்த்தம் கேட்காதே, கை தட்டிவிடு. நீ வாங்கிப் போக வேண்டியது சிவப்புக் 'கொன்ஃபெத்தி'. அது சர்க்கரை பூசிய பாதாம், தூவுவதற்கு இல்லை. தூவும் காகிதத் துண்டுக்குப் பெயர் 'கொரியாந்தொலி'. ரசத்துக்குக் கொத்தமல்லி தேடும்போது கடைசி எழுத்தை 'லோ' என்று முடி, இல்லாவிட்டால் காகிதப் பொட்டலம்தான் கிடைக்கும்.

அவள் முகத்தை நான் பார்க்க முடியாது என்பது எனக்கு லேசாக இல்லை. வளர்த்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு, அதை நீ எப்போதாவது வாயால் சொல்லியிருக்கலாம்.

புரியாவிட்டால் ஒன்றே ஒன்று சொல்: 'புவோ ரிபேதெரே பியூ பியானோ?' இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று. தலையை மட்டும் ஆட்டாதே. மருந்துக்கடையில் எல்லாவற்றுக்கும் 'ஸீ ஸீ' என்று ஆட்டினால் ஆசனவாய் மாத்திரையைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், 'ஸுப்போஸ்தே' என்ற சொல் காதில் விழுந்தால் உஷாராகிவிடு.

கடைக்காரர் முன் நின்றுகொண்டு எனக்கு வீடியோ கால் போட்டு போனை அவரிடம் நீட்டாதே. எடுக்க மாட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் அவசர எண் 112, பிறகு நான். பட்டமளிப்பு அன்று எந்த நேரமானாலும் போடு. அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அதற்குப் பிறகு நாலரை. நான் விழித்திருப்பேன்.

உன் தங்கை