கிருஷ்ணகிரி வட்டார பால் மாடு வளர்ப்போர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

பெரியோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது. கோமாரித் தடுப்பூசி முகாம் இரண்டு தடவை நடந்தது. மாட்டுப் பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது.

இனி மாம்பழத் தோல் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பக்கத்துக் கூழ் ஆலைகளில் பெங்களூரா மாம்பழம் ஓடுகிற இரண்டு மாதமும், வருகிற பழத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோலும் கொட்டையுமாக வெளியே வந்து ரோட்டோரம் கிடந்து நாறுகிறது. நம் மாடுகளுக்கோ மாசியில் பச்சைத் தீவனம் இல்லை. தோலைச் சைலேஜ், அதாவது காற்றுப் படாமல் அடைத்துப் பதப்படுத்திய தீவனமாகப் போட்டு வைத்தால் என்ன என்று நான் சொன்னபோது தலையாட்டியவர்கள் நிறையப் பேர்.

ஜூனில் போட்ட முதல் டிரம் கெட்டுப்போனது. அது என் தவறு. தோலில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதைத் தனியாக அடைத்ததில் அடியில் சாறு தேங்கிப் புளித்துவிட்டது. அப்புறம் கால்நடை மருத்துவரிடம் கேட்டு, நாலு பங்கு தோலுக்கு ஒரு பங்கு கேழ்வரகுத் தாள் நறுக்கிக் கலந்தோம். ஈரமும் சரியாக வந்தது. தோலில் குறைவாக இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் தாளிலிருந்து கொஞ்சம் சேர்ந்தது. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. அதுதான் பதம். கொட்டையைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும், மாட்டின் தொண்டையில் சிக்கும்.

ஜூலையில் குழி போட்ட ஞாயிற்றுக்கிழமை 64 உறுப்பினர்களுக்கும் தகவல் சொன்னோம். வந்தவர்கள் 11 பேர். லாரியில் வந்த தோல் அன்றைக்கே குழிக்குள் போயாக வேண்டும். ஒரு ராத்திரி கிடந்தாலே நுரைத்துச் சாராய வாடை அடிக்கும். மதியம் மழை வேறு. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, அடுக்கடுக்காகப் போட்டு, காற்று நிற்காமல் மிதித்து மூடும்போது இரவு ஒன்பது மணி. வராத 53 பேரில் நான்கு பேர் மட்டும் முன்கூட்டியே காரணம் சொன்னார்கள்.

‘செயலாளர் சங்கப் பணத்தைக் குழியில் கொட்டிவிட்டார்’ என்று டீக்கடையில் பேசியதும் என் காதுக்கு வந்தது. தோல் இலவசமாகக் கிடைத்தது. செலவு லாரி வாடகையும் தார்ப்பாயும்தான். சீட்டுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

பிப்ரவரியில் குழியைத் திறந்தோம். மேலே ஒரு சாண் பூசணம், அதை அள்ளி எறிந்தோம். கீழே பழுப்பு மஞ்சள் நிறத்தில், இனிப்பும் புளிப்பும் கலந்த வாசனையோடு நன்றாக இருந்தது. முதல் நாள் இரண்டு கிலோவில் ஆரம்பித்து மெதுவாகக் கூட்டினோம். பாலில் வாசனை ஏறாமல் இருக்கக் கறந்த பிறகே போட்டோம். தவிட்டையே ஒதுக்குகிற என் சிவலைப் பசு தொட்டியை நக்கிவிட்டது. குழி மிதிக்க வராதவர்களும் அந்த மாதம் சாக்குப் பையோடு வந்தார்கள். கொடுத்தோம். பசிக்கிற மாட்டிடம் கணக்குப் பார்க்க முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சந்தா கட்டியவர்கள் 31 பேர். சிலருக்கு இது மூன்றாவது வருடப் பாக்கி.

கால்நடை மருத்துவருக்கும், தோல் கொடுத்த ஆலைக்கும், குழிக்கு இடம் விட்ட உறுப்பினருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் நன்றி.

அடுத்த சீசனுக்கு இரண்டு குழி போட வேண்டும். பாக்கிச் சந்தா வந்தாலே இரண்டாவது தார்ப்பாய் வாங்கிவிடலாம், தனி வசூல் தேவையில்லை. ஆனால் 11 பேரால் இரண்டு குழி மிதிக்க முடியாது. வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். குழி மிதிக்க வருகிறவர்கள் போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள். இன்னொரு வருடம் இந்தப் பொறுப்பில் இருக்கச் சொல்கிறீர்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்