திரையில் ‘அணைப்பு’, பானையில் கொதிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பீர் தயாரிப்பது பற்றிய கட்டுரையில் மால்ட்டுக்கும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸுக்கும் (கசப்பும் மணமும் தரும் பூ) பத்தி பத்தியாக இடம் கொடுத்த நீங்கள், மின்சூடேற்றியை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். என் விரல் தழும்பு அதை ஏற்காது.

என்னுடையது 3,000 வாட் சூடேற்றி. 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். மால்ட்டை 67 டிகிரி செல்சியஸில் ஊறவைக்க வெப்பக் கட்டுப்படுத்தியும், அது சொல்கிறபடி சூடேற்றிக்கு மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் சாலிட் ஸ்டேட் ரிலே என்ற மின்னணு சுவிட்சும் பொருத்தினேன். அந்த ரிலே ஓர் ஆம்பியருக்கு ஏறத்தாழ ஒரு வாட் வெப்பம் கக்கும். நானோ அதை வெப்பம் கடத்தும் தகடின்றி பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தேன். ரிலே பழுதானது. பழுதானால் பெரும்பாலும் மின்சாரத்தைத் துண்டிக்காது, விடாமல் பாய்ச்சும்! கட்டுப்படுத்தி ‘அணைப்பு’ என்று காட்ட, கலவை 80 டிகிரியைத் தொட்டது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் செத்தன. பதறி ரிலேயைத் தொட்டதில் விரலும் வெந்தது.

இப்போது அலுமினியத் தகடு பெட்டிக்கு வெளியே இருக்கிறது. ஃபேஸ், நியூட்ரல் ஆகிய இரு கம்பிகளையும் துண்டிக்கும் சுவிட்சும், 30 மில்லி ஆம்பியர் மின்சாரம் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் கசிவுத் துண்டிப்பானும் முன்னால் இருக்கின்றன. பானைக்கு எர்த் உண்டு. அணைந்த ரிலேயிலும் சிறிது மின்சாரம் கசியும் என்பதால் பிளக்கைப் பிடுங்காமல் எதையும் தொடுவதில்லை. அடுத்த கட்டுரையில் இதற்கு அரைப் பத்தியாவது ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
விரல் சுட்ட வாசகர்