குடும்ப ஓய்வூதியம் துணைவிக்கும் வேண்டும்: ரீயூனியன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாரிசு நாடாளுமன்றத்தில், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான எங்கள் ரீயூனியனின் சார்பில் அமர்ந்திருக்கும் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென் ஆந்திரேயில் வாழும் என் தமக்கையின் குடும்ப ஓய்வூதிய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகச் சென்ற மாதம் வந்த கடிதமே இம்மடலை எழுத வைத்தது. மணமுடித்தவர்களுக்கு மட்டுமே அந்த ஓய்வூதியம் உண்டு என்னும் சட்டத்தை நீங்கள் நன்கு அறிவீர்கள். எனவே அதை இங்கே விளக்கப்போவதில்லை.

கரும்பாலையில் வேலை பார்த்த அத்தானும் என் தமக்கையும் மேயர் அலுவலகத்தில் திருமணப் பதிவில் கையெழுத்திடாமலே ஒரு வாழ்நாள் முழுவதும் சேர்ந்து வாழ்ந்தார்கள். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, தனித்து வாழும் தாய்க்கான உதவித்தொகையை அக்கா கேட்டாள். அப்போது வீட்டுக்கு வந்த அதிகாரி, வாசலில் கிடந்த ஆலைக் காலணிகளையும் கொடியில் காய்ந்த ஆண் சட்டைகளையும் குறித்துக்கொண்டு போய், இவர்கள் கணவன் மனைவியாகவே வாழ்கிறார்கள் என்று எழுதி, உதவித்தொகையை நிறுத்தினார். அன்று அவள் எதிர்த்துப் பேசவில்லை; அவர் எழுதியது உண்மைதானே. அத்தான் இறந்தபின் ஓய்வூதிய அலுவலகத்துக்குச் சென்ற அதே அக்கா, இருவர் பெயரும் பிள்ளைகள் பெயரும் பதிந்த குடும்பப் பதிவேட்டை எடுத்து நீட்டினாள். நீங்கள் அவருடைய பிள்ளைகளுக்குத் தாய் என்பதற்கு மட்டுமே இது சான்று என்று சொல்லி, அதைத் திருப்பித் தந்துவிட்டார்கள். பணத்தை நிறுத்தும்போது மனைவி, பணம் தர வேண்டியபோது அயலாள் என்று ஒரே அரசு ஒரே பெண்ணைப் பற்றி இரண்டு முடிவுகளுக்கு வருவதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் மணந்திருக்கலாமே என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். எங்கள் தீவில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் பெற்றோர் மணமாகாதவர்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். 2012 மே மாதம் அதிபராகி எலிசே மாளிகைக்குள் நுழைந்த பிரான்சுவா ஒலாந்திடம் அந்தக் கேள்வியை யாராவது இந்த அளவுக்கு அழுத்திக் கேட்டார்களா? அவரோடு வாழ்ந்த வலேரி திரியேர்வெயிலர் அவருடைய மனைவி அல்லர். ஆயினும் மாளிகையில் அவருக்கு அலுவலகம் இருந்தது, பொதுப்பணத்தில் ஊதியம் பெற்ற உதவியாளர்கள் இருந்தார்கள். 2008 சனவரியில் இந்தியக் குடியரசு தின விருந்தினராகச் சென்ற அன்றைய அதிபர் சர்க்கோசி, அப்போது இன்னும் மணமாகாதிருந்த கார்லா புரூனியை எந்த முறைமையில் வரவேற்பது என்ற பேச்சு எழுந்ததால், அவரை அழைத்துச் செல்லவில்லை. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 2013 பிப்ரவரியில், அதே டெல்லியில் திரியேர்வெயிலர் அதிபரின் துணைவியாக வரவேற்கப்பட்டார். அவருக்கென்று எந்தச் சட்டமும் இயற்றப்படவில்லை. வழக்கம் வழிவிட்டது, அவ்வளவுதான். 2017 ஆகஸ்டில் அதிபர் மக்ரோனின் மனைவி பிரிஜித் மக்ரோனின் பணிகளை வரையறுத்து ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள். ஊதியமில்லை, தனி நிதியில்லை என்றாலும் அதிபரின் துணைக்கு ஒரு பொது இடம் உண்டு என்று எழுத்தில் வந்தது. அதை நான் குறைகூறவில்லை. ஆலைத் தொழிலாளியின் துணைவிக்கு அலுவலகமும் உதவியாளரும் யாரும் கேட்கவுமில்லை. இறந்த தொழிலாளி பெற்றிருக்கக்கூடிய ஓய்வூதியத்தில் 54 விழுக்காட்டை, மணமான கைம்பெண்ணுக்கு உள்ள அதே வயது, வருமான வரம்புகளோடு தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

சேர்ந்து வாழ்வதை நம் குடிமைச் சட்டம் 1999 முதல் வரையறுத்தே வைத்திருக்கிறது. அசையாச் சொத்து வரி விதிக்கும்போது மணமாகாத இணையரின் சொத்தைச் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். ஆனால் துணைவர் தம் சொத்தைத் துணைவிக்கு எழுதிவைத்தால், 1,594 யூரோவுக்கு மேற்பட்ட தொகையில் 60 விழுக்காடு வரியாகப் போய்விடுகிறது. முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதிவைத்தாலும் அதே வரிதான்! வாங்குவதென்றால் அரசுக்குக் கண் இவ்வளவு கூர்மையாகிவிடுகிறது.

குடும்ப ஓய்வூதியத்தை மணமானவர்களுக்கு மட்டும் வழங்குவது அரசியலமைப்புக்கு முரணன்று என்று அரசியலமைப்பு மன்றம் 2011-இல் தீர்ப்பளித்துவிட்டதை அறிவேன். முரணன்று என்றுதான் சொன்னார்கள். மற்றவர்களுக்கும் வழங்கச் சட்டமியற்றக் கூடாது என்று சொல்லவில்லை. ஆகவே பந்து உங்கள் பக்கம்தான் இருக்கிறது. செலவைக் கூட்டும் திருத்தத்தை உறுப்பினர் கொண்டுவர அரசியலமைப்பின் 40ஆவது பிரிவு இடம்தராது என்பீர்கள். அமைச்சரிடம் எழுத்துமூலம் கேள்வி எழுப்ப எந்தப் பிரிவும் தடையில்லை; தேர்தலுக்கு முன் எங்கள் கோயில் திருவிழாக்களில் மாலை வாங்கிக்கொள்வதற்கும் எந்தப் பிரிவும் தடையாக இருந்ததில்லை. கடுமையாக எழுதிவிட்டேனென்றால் பொறுத்தருள வேண்டும்.

இலையுதிர் காலத்தில் சமூகப் பாதுகாப்பு நிதிச் சட்டம் விவாதத்துக்கு வரும்போது, கட்சி வேறுபாடு பாராமல் நீங்கள் அனைவரும் சேர்ந்து, நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்று காட்டக்கூடிய துணைவருக்கும் துணைவிக்கும் குடும்ப ஓய்வூதியத்தை நீட்டிக்குமாறு அரசிடம் கேட்க வேண்டும் எனப் பணிவுடன் வேண்டுகிறேன். என்ன சான்று வேண்டும் என்று அமைச்சர் கேட்டால், அக்காவின் உதவித்தொகையை நிறுத்திய அந்த அதிகாரியின் குறிப்பு ஏதோ ஒரு கோப்பில் இன்னும் இருக்கும்; அதையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பதிலை எதிர்பார்க்கும்,
சென் ஆந்திரே வாக்காளர் ஒருவர்