வியாழக்கிழமைப் பிழை

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. தரவுப் பகுப்பாய்வில் முதுமாணியை எங்கே படிக்கப் போகிறாய் என்று கேட்டிருந்தாய். என்னிடமே பதில் இல்லாததால் எழுதாமல் இருந்தேன். இப்போது பாதிப் பதில் இருக்கிறது.

வெளிநாட்டு யோசனையை விட்டது 2022இல். அமெரிக்காவின் ஜோர்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் அனலிட்டிக்ஸ் முதுமாணியை வீட்டிலிருந்தே படிக்கலாம், அப்போது ஏறக்குறைய 10,000 டொலர். அந்த வருடத் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய், ஆக 20 லட்சம். மே மாதம் 360. அதே படிப்பு 36 லட்சம்! பெற்றோல் வரிசையில் நின்றுதான் அந்தக் கணக்கைத் திருத்தினேன். பிறகு ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்தாலும் என் மனம் நிமிரவில்லை.

சரி, இங்கேயே என்றால் இரண்டு. காலி வீதியில் 101 பஸ் ஏறினால் கட்டுபெத்தைச் சந்தி. அங்கே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தரவு விஞ்ஞானம். இல்லையென்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியில் வணிகப் பகுப்பாய்வு. முதலில் பெயரைப் பார்த்தேன், பிறகு கட்டணம், பிறகு தூரம். மூன்றும் உதவவில்லை. உதவியது ஒரு வெட்கக்கேடு.

கந்தோரில் ஒரு கடைக்காரருக்கு நாளாந்த விற்பனையை முன்கூட்டிச் சொல்லும் கணினி மொடல் செய்தேன். நாள் வரிசை பாராமல் தரவை நன்றாகக் கலக்கி, 80 வீதத்தில் மொடலைப் பழக்கி, மிச்சம் 20இல் சோதித்தேன். முடிவு பிரமாதம். கடையில் ஓடவிட்டதும் படுத்துவிட்டது. புள்ளிவிபரவியல் படித்த ஒரு அக்கா எட்டிப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டா: “சோதனைக்கு எந்த நாட்களை வைத்தீர்?” அப்போதுதான் உறைத்தது. சோதனையில் வியாழக்கிழமை விற்பனையைச் சொல்லச் சொன்னேன்; மொடலோ புதனையும் வெள்ளியையும் ஏற்கெனவே பார்த்திருந்தது. கடையில் வெள்ளிக்கிழமையை யார் முன்னாலேயே காட்டுவார்கள்? கடைசி மாதங்களைத் தனியே ஒதுக்கி வைத்துச் சோதித்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து பாடத்திட்டங்களை வேறு கண்ணால் வாசிக்கிறேன். ஹடூப், டாஷ்போர்ட் போன்ற மென்பொருள் கருவிகள் எல்லாம் யூடியூபில் படித்துக்கொள்வேன். நேரத்தொடர் (நாள் வரிசையில் வரும் தரவு), நிகழ்தகவு, பரிசோதனை வடிவமைப்பு என்று எத்தனை மணித்தியாலம் வைத்திருக்கிறார்கள் என்றுதான் எண்ணுகிறேன். இன்னொன்று, எஸ்.எல்.கியூ.எப். மட்டம், அதாவது இலங்கையில் படிப்புகளைத் தரப்படுத்தும் தகைமைச் சட்டகத்தின் மட்டம். 9 என்றால் 30 கிரெடிட்டோடு பாடவேலை முடிந்தது. 10 என்றால் 60, அதில் ஆய்வும் உண்டு. பின்னாளில் கலாநிதிப் படிப்பு என்று ஆசை வந்தால் 10 கையில் இருப்பது நல்லது. ஆய்வென்றால் சனி ஞாயிறு போகும், வீட்டில் முகம் சுளிப்பார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

எங்கே சேர்ந்தாலும் அடிப்படையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீ கம்பஸில் எழுதிய புள்ளிவிபரவியல் கொப்பிகள் கொட்டாஞ்சேனை வீட்டு அலுமாரியில் இன்னும் இருக்கிறதா என்று அம்மாவிடம் ஒருக்கால் கேட்டுச் சொல். அடுத்த சனி போய் எடுத்துக்கொள்கிறேன். உன் கையெழுத்து விளங்காவிட்டால் இரவிலே கோல் எடுப்பேன்.

அன்புடன்,
ரமணன்