கால் ஆணி என்று பிளேடை எடுக்க வேண்டாம்: நீலகிரி எஸ்டேட் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேலாளர்களுக்கும் வெல்ஃபேர் ஆபீசர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். இப்போது மருந்தாளுநர். மழை ஓய்ந்ததும் என்னிடம் மருவுக்கு மருந்து கேட்டு வருபவர்கள் அதிகம். "இதுக்குப் போய் லீவு போட்டு ஊட்டிக்குப் போக முடியுமா?" என்றுதான் பேச்சே தொடங்கும். கொழுந்தைக் கையால் கிள்ளினாலும் சரி, கத்தரியால் வெட்டினாலும் சரி, நகக்கண்ணில் மரு இருந்தால் வலி உயிர் போகும். உள்ளங்காலில் வந்துவிட்டால் முதுகுச் சுமையோடு சரிவில் இறங்குவது பெரும் பாடு. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இவர்கள் வருவதில்லை. பறிக்கும் எடை குறைகிறது, கூலியும் குறைகிறது, அதனால் வருகிறார்கள்.

மருவை உண்டாக்குவது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்.பி.வி. காய்ந்த, முழுசான தோலுக்குள் அது சுலபமாக நுழையாது. சின்னக் கீறலோ ஊறிப்போன தோலோ வேண்டும். கவாத்து வெட்டிய குச்சி கையைக் கீறாத நாள் நம் தோட்டங்களில் உண்டா? கூடலூர், பந்தலூர் பக்கம் ஆனி, ஆடி மழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி மழையிலும் ரப்பர் பூட்ஸுக்குள் கால் நாள் முழுக்க ஊறிக் கிடக்கிறது. ஒருவர் கழற்றிய ஈர பூட்ஸை இன்னொருவர் மாட்டிக்கொள்கிறார். தொற்றிய பிறகு மரு வெளியே தெரியச் சில மாதங்கள்கூட ஆகும். யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் பயனில்லை. யாரையும் ஒதுக்கவும் வேண்டாம்.

என் பெரிய கவலை பிளேடுதான். உள்ளங்கால் மருவை எல்லோரும் கால் ஆணி என்றே நினைக்கிறார்கள். ஒரு டிஸ்பென்சரியில் பிளேடால் சீவிவிட்டு, பஞ்சு வைத்து அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டையும் பிரித்தறிவது அவ்வளவு கஷ்டமில்லை. மரு உள்ள இடத்தில் தோலின் ரேகைகள் அறுந்து, அதைச் சுற்றி விலகிப் போகும். மேல் தோலை லேசாகத் தேய்த்தால் கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். நேராக அழுத்துவதைவிட இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால்தான் வலி அதிகம். இதைப் பிளேடால் சீவினால் ரத்தம் வரும், பக்கத்துத் தோலுக்கும் வைரஸ் பரவும். அதே பிளேடு அடுத்தவர் காலுக்குப் போனால் வரக்கூடிய நோய்கள் மருவோடு நிற்காது.

வீட்டு வைத்தியமும் இப்படித்தான். சுண்ணாம்பையும் சோடாவையும் குழைத்து வைக்கிறார்கள், சேங்கொட்டைப் பால் தடவுகிறார்கள், ஊதுபத்தியால் சுடுகிறார்கள். மருவைச் சுற்றி நல்ல தோலும் வெந்து புண்ணாகிறது. சர்க்கரை நோயாளிக்குக் காலில் அப்படி ஒரு புண் வந்தால் விரலையே இழக்க நேரலாம். கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்கிறவர்களை நான் தடுப்பதில்லை. குழந்தைகளின் மரு பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் தானாகவே உதிர்ந்துவிடும். நேர்ச்சையால் தோல் வேகாது.

வைரஸை நேரடியாகக் கொல்லும் மருந்து இதற்கு இல்லை. மருத் திசுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ள நேரம் கொடுப்பதுதான் வைத்தியம். டிஸ்பென்சரி அலமாரியில் இருக்க வேண்டியது சாலிசிலிக் அமிலம். பூசும் திரவத்தில் சுமார் 17 சதவீதமும், பாதத்துக்கான பிளாஸ்டரில் 40 சதவீதமும் இருக்கும். இரவில் காலை வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, வெளுத்த தோலைத் தேய்த்து எடுத்து, மருவின் மேல் மட்டும் பூச வேண்டும். தோலைத் தேய்க்கும் உப்புத்தாள் அட்டையை வேறு யாரும் தொடக்கூடாது. 12 வாரம் வரை விடாமல் செய்ய வேண்டும். பத்தாம் நாள் "கேக்கலையே" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்குப் பக்கத்திலிருந்து சொல்ல ஒரு நர்ஸ் வேண்டும். முகத்திலும் பிறப்புறுப்பிலும் இதைப் பூசவே கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் காட்டாமல் தொடக்கூடாது.

இதற்கும் போகாத மருவைத் தோல் மருத்துவர் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார், அல்லது மரத்துப்போக ஊசி போட்டுச் சுட்டெடுப்பார். திரவ நைட்ரஜனின் குளிர் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, பல தடவை போக வேண்டிவரும். நம் நிறத் தோலில் சில மாதம் வெளிறிய தழும்பு நிற்கலாம், அதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. அப்படிப் போகும் நாளுக்குக் கூலியைப் பிடிக்காமல் இருக்க உங்களால் முடியும். 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் மழைக் கோட்டையும் பற்றி அன்றைக்கே பேசியது. அந்த அக்கறையில் ஆளுக்கொரு ஜோடி பூட்ஸையும், அதை இரவில் காயவைக்க ஓர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்கள் கேட்கும் இன்னொரு கேள்வி: "இது கேன்சர் ஆயிடுமா?" கை, கால் மருக்கள் அப்படி ஆவதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹெச்.பி.வி. 16, 18 வகைகள் வேறு. அவற்றைத் தடுக்கும் ஊசி கை மருவைத் தடுக்காது, ஆனால் நம் பெண்பிள்ளைகளுக்குக் கட்டாயம் தேவை. 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாகப் போடுவதாகத் தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கும் குன்னூருக்குத் தடுப்பூசி புதிதில்லை. உங்கள் எஸ்டேட்டில் 14 வயதான பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே கொடுத்து வையுங்கள்.

அடுத்த மழைக்கு முன்னால் டிஸ்பென்சரிக்கு மருந்து வாங்கிவிடுங்கள். நர்ஸுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
கோத்தகிரி