இ-ரீடரில் மெமரி கார்டு: பயப்பட வேண்டிய இடம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இ-ரீடர்களில் (மின்னூல் படிக்கும் கருவிகளில்) மாற்று மென்பொருள் போடுவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, "கொஞ்சம் பிசகினாலும் கருவி ஒரேயடியாகச் செத்துவிடும்" என்ற எச்சரிக்கையுடன் முடிகிறது. உள்நினைவகத்தில் கைவைப்பவர்களுக்கு அது பொருந்தும். மெமரி கார்டிலிருந்தே மென்பொருளை ஓட்டுபவர்களுக்குப் பொருந்தாது. கட்டுரை இரண்டு வேலைகளையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. கார்டு வழியில் ஆபத்தே கிடையாது என்று வாதாட வரவில்லை. ஆபத்து இருக்கிறது, ஆனால் கட்டுரை சுட்டிய இடத்தில் இல்லை.

பார்ன்ஸ் அண்ட் நோபிள் 2011-இல் வெளியிட்ட நூக் சிம்பிள் டச் என்ற இ-ரீடரை எடுத்துக்கொள்வோம். 6 அங்குல இ-இங்க் திரை, ஓமேப் 3621 சிப், 256 எம்பி ரேம், ஆண்ட்ராய்டு 2.1. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது ஆண்ட்ராய்டு அல்ல. சிப்புக்குள்ளேயே தொழிற்சாலையில் பொறித்த ஒரு சிறு நிரல். அதை யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாது. அந்த நிரல் முதலில் எட்டிப் பார்ப்பது கார்டு ஸ்லாட்டைத்தான். கார்டின் முதல் பார்ட்டிஷன் (பிரித்த பகுதி) ஃபேட் (ஃபைல்களை அடுக்கும் ஒரு முறை) வகையாக இருந்து, "ஆக்டிவ்" என்று குறிக்கப்பட்டு, அதில் எம்எல்ஓ என்ற பெயரில் ஒரு ஃபைல் இருந்தால், அதை எடுத்துச் சிப்புக்குள் இருக்கும் 64 கேபி நினைவகத்தில் ஏற்றுகிறது. எம்எல்ஓ ரேமைத் தயார் செய்து யு-பூட் என்ற அடுத்த துவக்க நிரலை அழைக்கிறது. யு-பூட், லினக்ஸ் கெர்னலையும் (இயங்குதளத்தின் மையக் கரு) ராம்டிஸ்க்கையும் (துவக்கத்துக்கு வேண்டிய ஃபைல்கள்) ஏற்றுகிறது. கார்டு இல்லை, அல்லது கார்டில் எம்எல்ஓ இல்லை என்றால் அதே தேடல் உள்நினைவகத்துக்குப் போகிறது.

ஆகவே கார்டில் போட்ட மென்பொருள் ஓடவில்லையா, கருவியை அணைத்து, கார்டை உருவிவிட்டு மறுபடி இயக்கினால் போதும். பழைய முகப்பு, பழைய புத்தகங்கள், விட்ட பக்கம் எல்லாம் இருந்தபடியே இருக்கும். இன்னொன்றும் உண்டு: உள்ளே இருக்கும் மென்பொருள் கெட்டுப்போனாலும், அந்தப் பொறித்த நிரல் கார்டைத் தேடுவதை நிறுத்தாது. கெட்டதைச் சரிசெய்யவும் கார்டுதான் வழி.

"கார்டிலிருந்து பூட் ஆகிறது", அதாவது இயங்கத் துவங்குகிறது என்பதாலேயே "உள்ளே எதையும் தொடாது" என்று நினைத்துவிடக் கூடாது. உண்மையான சிக்கல் இங்கேதான். நூக் சிம்பிள் டச்சுக்குப் புழக்கத்தில் இருக்கும் இரண்டு கார்டு இமேஜ்களை (முழு கார்டின் நகலாக அமைந்த ஃபைல்களை) பாருங்கள். நூகி என்பது மிகச் சிறியது. கருவியை இதில் இயக்கி யுஎஸ்பி கேபிளால் கணினியில் இணைத்தால், 2 ஜிபி உள்நினைவகம் அப்படியே ஒரு டிஸ்க்காகக் கணினியில் தெரியும். முழு பேக்கப் எடுக்க அருமையான வழி. ஆனால் அந்த நேரத்தில் விண்டோஸ், "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டுமா?" என்று கேட்கும். உள்ளே இருக்கும் லினக்ஸ் பார்ட்டிஷன்கள் அதற்குப் புரியாததால் வரும் கேள்வி அது. பழக்கதோஷத்தில் "சரி" என்று அழுத்தினால் உள்நினைவகத்தில் அடி விழும். டிஸ்க்கை நகலெடுக்க உதவும் வின்32 டிஸ்க் இமேஜரில் "ரீட்" பட்டனுக்குப் பக்கத்திலேயே "ரைட்" பட்டன் இருப்பதும் அதே அளவு ஆபத்து. பேக்கப் எடுப்பவர் அழுத்த வேண்டியது "ரீட்".

நூக்மேனேஜர் இன்னொரு வகை. இது கார்டிலிருந்து எழுந்து, கருவியின் திரையிலேயே ஒரு மெனு காட்டும். அதில் பேக்கப் எடுக்கும் பகுதி உள்நினைவகத்தைப் படிக்க மட்டும் செய்து, நகலைக் கார்டில் மீதமிருக்கும் இடத்தில் எழுதுகிறது. ரூட் செய்யும் (கருவியின் மீது முழு அதிகாரம் பெறும்) பகுதியோ உள்நினைவகத்தை மாற்றுகிறது. ஒரே மெனுவில் இரண்டும் இருப்பதால், முதலாவதை முடிக்காமல் இரண்டாவதைத் தொடக் கூடாது. எடுத்த பேக்கப்பைக் கணினிக்கும் நகலெடுத்து வையுங்கள். இன்னொருவரின் பேக்கப் உதவாது. வரிசை எண், வைஃபை முகவரி போன்ற அந்தக் கருவிக்கே உரிய விவரங்கள் உள்நினைவகத்தில் தனி பார்ட்டிஷனில் இருக்கின்றன. அவை தொலைந்தால் வேறெங்கும் கிடைக்காது. வேலை முடிந்ததும் கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் அதே மெனுதான் வந்து நிற்கும். "ரூட் ஆகவே இல்லை" என்ற புலம்பல்களில் கணிசமானவை இப்படி வருபவை.

கார்டு விஷயத்தில் கட்டுரை தந்த யோசனை, "64 ஜிபி, கிளாஸ் 10 வாங்குங்கள்" என்பது. இரண்டுமே பொருத்தமில்லை. 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32-இல் வருகின்றன. அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட்டில் வருகின்றன. பழைய சிப்பின் நிரலுக்கு எக்ஸ்ஃபேட் படிக்கத் தெரியாது. சிம்பிள் டச்சுக்கு அறிவிக்கப்பட்ட உச்சவரம்பும் 32 ஜிபிதான். பேக்கப்புக்கும் ரூட்டுக்கும் 4 அல்லது 8 ஜிபி கார்டு தாராளம். கிளாஸ் 10 என்ற முத்திரையோ, தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்கு 10 எம்பி-க்குக் குறையாது என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். கேமராவுக்கு அது போதும். ஒரு இயங்குதளம் கார்டிலிருந்தே ஓடும்போது நடப்பது வேறு: ஆங்காங்கே சிதறிய சிறு சிறு துண்டுகளைப் படித்து எழுதிக்கொண்டே இருக்கும். நூக் கலர் என்ற கருவியில் சயனோஜென்மாட் 7 என்ற மாற்று ஆண்ட்ராய்டைக் கார்டிலிருந்து ஓட்டியவர்கள், சில கிளாஸ் 4 கார்டுகள் கிளாஸ் 10-ஐ முந்துவதைக் கண்டது இதனால்தான். இன்று வாங்குபவர்கள் ஏ1 குறி உள்ள கார்டாகப் பார்க்கலாம். நொடிக்குக் குறைந்தது 1500 சிதறிய வாசிப்புகளும் 500 எழுத்துகளும் அதற்கான தகுதி. அடுத்த தரமான ஏ2-வுக்குக் கூடுதல் பணம் வீண், அந்த வேகத்தைப் பெறக் கருவியின் ஒத்துழைப்பும் வேண்டும், பழைய இ-ரீடரிடம் அது இல்லை. போலிக் கார்டுகளைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற சோதனை நிரல் கொண்டு ஒருமுறை முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். 32 என்று அச்சடித்து உள்ளே 4 மட்டும் இருக்கும் கார்டில், பேக்கப் முடிந்ததாகவே காட்டும். திரும்பப் போடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

கார்டு தயாரிப்பில் மிகப் பரவலான பிழை, இமேஜ் ஃபைலைக் கார்டுக்குள் இழுத்துப் போட்டு விடுவது. இமேஜ் என்பது ஃபைலாகக் கார்டில் உட்கார வேண்டியதல்ல. பார்ட்டிஷன் அட்டவணை உட்பட கார்டின் முதல் செக்டாரிலிருந்து பைட்டுக்குப் பைட் எழுதப்பட வேண்டியது. வின்32 டிஸ்க் இமேஜர், எட்ச்சர், லினக்ஸில் டிடி கட்டளை, எது வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஜிப்பைப் பிரித்த பிறகு எழுதுங்கள். எழுதுவதற்கு முன், ஃபைல் பிசகாமல் இறங்கியதா என்று காட்டும் ஹேஷ் எண்ணை ஒப்பிடுங்கள். டிடி பயன்படுத்துபவர் கார்டைச் செருகும் முன்னும் பின்னும், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி, புதிதாக முளைத்தது எந்த டிஸ்க் என்று பார்த்தே பெயரைத் தட்ட வேண்டும்; முழு டிஸ்க்கின் பெயர், பார்ட்டிஷன் எண் சேர்க்காமல். எழுதி முடித்த பின் 8 ஜிபி கார்டு சில பத்து எம்பி-யாகக் காட்டினால் பதற வேண்டாம், இமேஜின் அளவு அவ்வளவுதான்.

இமேஜ் இல்லாமல் கையாலேயே கார்டு தயாரிப்பவர்கள், ஃபார்மட் செய்ததும் முதலில் எம்எல்ஓ, பிறகு யு-பூட், அப்புறம் மற்றவை என்ற வரிசையில் நகலெடுப்பது வழக்கம். பொறித்த நிரலுக்குத் தெரிந்த ஃபேட் அறிவு கொஞ்சம். சுத்தமான கார்டின் தொடக்கத்தில், சிதறாமல் ஃபைல் இருந்தால் அதற்குச் சிரமமில்லை. ஆக்டிவ் குறியை மறந்தால் கார்டையே கண்டுகொள்ளாது.

அடுத்தது, இ-இங்க் திரைக்கே உரிய ஒரு வம்பு. மின்சாரம் இல்லாவிட்டாலும் கடைசியாக வரைந்த படம் திரையில் நிற்கும். எனவே கருவி தூங்குகிறதா, அணைந்துவிட்டதா, பாதி பூட் ஆகி மாட்டிக்கொண்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. தூக்கத்திலிருந்து எழுப்பினால் கார்டிலிருந்து பூட் ஆகாது, அது விட்ட இடத்திலிருந்து தொடரும். பவர் பட்டனை 20 நொடி விடாமல் அழுத்தி, முழுக்க அணைத்த பிறகு கார்டைச் செருகி இயக்குங்கள். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். கார்டு இல்லாமல் துவங்கும்போது பூட் ஆவதைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி விளையாடவும் கூடாது. தொடர்ந்து 8 முறை பூட் தோற்றால் நூக் தானாகவே தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். போட்ட மாற்றம் அத்தனையும் போய்விடும். செத்துப்போன கருவியை மீட்க இதையே வேண்டுமென்று செய்பவர்களும் உண்டு.

கார்டிலிருந்து எழுந்த லினக்ஸில் கட்டளை தட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்நினைவகமும் கார்டும் எம்எம்சிபிஎல்கே0, எம்எம்சிபிஎல்கே1 என்று ஒரே எண் வித்தியாசத்தில் பெயர் பெறுகின்றன. எது எது என்பதை நினைவிலிருந்து எடுக்காமல், பார்ட்டிஷன் பட்டியலில் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2 ஜிபி காட்டுவது உள்நினைவகம். இதற்காகவே 2 ஜிபி கார்டைத் தவிர்ப்பது நல்லது. கார்டில் இயங்குதளம் ஓடும்போது கார்டை உருவக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை.

கோபோ என்ற இன்னொரு வகை இ-ரீடர் வைத்திருப்பவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபோ டச், குளோ, ஆரா எச்டி போன்ற பழைய மாடல்களில் வெளி ஸ்லாட் புத்தகங்களுக்கு மட்டும்தான், அதிலிருந்து பூட் ஆகாது. ஆனால் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இன்னொரு மைக்ரோ எஸ்டி கார்டு செருகியிருக்கும். கருவியின் உள்நினைவகமே அதுதான். அதை எடுத்து நகலெடுத்து, நகலில் சோதனை செய்து, மூலக் கார்டைப் பத்திரமாக வைப்பதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. ஃபைல்களை மட்டும், அல்லது மூன்று பார்ட்டிஷன்களை மட்டும் நகலெடுத்தால் கருவி எழாது. கார்டின் தொடக்கத்திலிருந்து எண்ணினால், பூட்லோடர் (துவக்க நிரல்) 1 கேபி-யிலும், வன்பொருள் விவரம் 512 கேபி-யிலும், கெர்னல் 1 எம்பி-யிலும், எந்தப் பார்ட்டிஷனுக்குள்ளும் அடங்காமல் வெற்றிடத்தில் நேரடியாக எழுதப்பட்டிருக்கின்றன. பத்திரத்தைப் பீரோவில் வைக்காமல் சுவருக்குள் புதைத்ததுபோல. திரையின் வோல்டேஜ் அட்டவணையும் அங்கேதான். அது வேறு திரைக்கு உரியதாக இருந்தால் பழைய பக்கத்தின் எழுத்துகள் புதிய பக்கத்தில் நிழலாகத் தேங்கும். முழு கார்டையும் டிடி மூலம் இமேஜாக எடுத்து, பெரிய கார்டில் எழுதி, கடைசிப் பார்ட்டிஷனை மட்டும் விரிவாக்குவதே முறை.

கோபோவில் மென்பொருள் சேர்க்க எளிய வழியும் உண்டு. கோபோரூட் என்ற டிஜிஇசட் தொகுப்பை மறைந்திருக்கும் டாட் கோபோ ஃபோல்டரில் வைத்துக் கேபிளைப் பிடுங்கினால், கருவி மறுபடி பூட் ஆகும்போது அது முழு அதிகாரத்துடன் விரிக்கப்படும். கையொப்பச் சோதனை எதுவும் இல்லை. நூக் கார்டைவிட இது அச்சமூட்ட வேண்டும், ஏனென்றால் இது நேராக உள்ளே எழுதுகிறது. நம்பகமான இடத்திலிருந்து எடுத்ததை மட்டும் வையுங்கள். ஃபர்ம்வேர் 4.17 முதல் கோபோ மறைந்த ஃபோல்டர்களையும் துழாவுவதால், எக்ஸ்க்ளூட் சிங்க் ஃபோல்டர்ஸ் என்ற வரியை அமைப்பு ஃபைலில் சேர்க்காவிட்டால், கோரீடர் என்ற வாசிப்பு மென்பொருளின் ஐகான் படங்கள் எல்லாம் புத்தகங்களாக நூலகத்தில் குவிந்துவிடும்.

தமிழ் படிப்பதற்காகவே இதில் இறங்குபவர்கள் கவனிக்க: ஆண்ட்ராய்டு 2.1-இல் தமிழ் ஃபாண்ட் போட்டாலும் "கொ" உடைந்துதான் வரும். கொம்பு எழுத்துக்கு முன்னால் போக வேண்டும் என்பது அந்த அமைப்புக்குத் தெரியாது. இன்றைய கோரீடர் அந்த ஆண்ட்ராய்டில் நிறுவப்படாது. கோபோவில் கோரீடர் நன்றாக ஓடும். நோட்டோ செரிஃப் தமிழ் ஃபாண்டை அதன் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, எழுத்து அமைப்பில் கெர்னிங்கை (எழுத்து இடைவெளி) "பெஸ்ட்" என்பதில் வையுங்கள். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் ஹார்ஃப்பஸ் நிரல் முழுமையாக வேலை செய்வது அதில்தான். "ஃபாஸ்ட்" என்பதில் வைத்தால் பக்கம் சற்று வேகமாகப் புரளும், ஆனால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். பலர் ஃபாண்டைக் குற்றம்சொல்லி மாற்றி மாற்றிப் பார்ப்பது இந்த ஒரு அமைப்புக்காகத்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்